உதிரும் முடிக்கு இங்கே பருவம் இல்லை
பூனை வளர்க்கும் வியாபாரக் குடும்பங்களுக்குச் சில கணக்குகள்

கொழும்பு-கண்டி வீதியில் கணவாய் ஏறி வருபவர்கள் டோசன் கோபுரத்தைக் கண்டதும் கடுகண்ணாவை வந்துவிட்டது என்று அறிந்து கொள்வார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் உள்ள ஊர் இது. மழைக்குக் குறைவில்லை, குளிருக்கும் பஞ்சமில்லை. இங்கிருந்து பிலிமத்தலாவை வரையுள்ள வீதியோரத்தில் வீடும் கடையும் ஒட்டியபடி இருக்கும் இடங்கள் பல. முன்னால் கடை, பின்னால் வீடு. அல்லது கீழே கடை, மேலே வீடு. வீட்டில் உம்மாவும் சகோதரிகளும் அபாயா தைப்பார்கள். இடியப்பம், ரோல்ஸ் செய்து கடைகளுக்குக் கொடுப்பார்கள். இந்த வீடுகளில் பிள்ளைகளின் செல்லமாக ஒரு பூனையும் இருக்கும்.

பூனை இருக்கும் வீட்டில் முடி உதிரும். கதிரையில், தொழுகை விரிப்பில், தைத்து மடித்து வைத்த கறுப்புத் துணியில், சில வேளை சோற்றுக் கோப்பையிலும் கிடக்கும். சாதாரண குடும்பத்துக்கு இது ஒரு தொந்தரவு மாத்திரம். வியாபாரக் குடும்பத்துக்கு அப்படியல்ல. பெருநாளுக்கு வாங்கிய அபாயாவில் பூனை முடியைக் கண்ட பெண் அடுத்த பெருநாளைக்கு வேறு கடைக்குத்தான் போவாள். ரோல்ஸுக்குள் முடி கண்டவர் ஊரெல்லாம் சொல்வார்.

இந்த எரிச்சல் முற்றும்போது சிலர் செய்யும் வேலைதான் கவலைக்குரியது. பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டி, ஆட்டோவில் கொண்டு போய்ச் சந்தைப் பக்கமோ வயல் பக்கமோ விட்டுவிட்டு வருகிறார்கள். வீட்டுச் சோற்றில் வளர்ந்த பிராணிக்கு அங்கே வாழத் தெரியாது. நாயிடமோ வாகனத்திலோ அகப்பட்டு முடிந்துவிடும். ஒரு பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடுக்காமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் அதற்காகவே தண்டிக்கப்பட்டாள் என்ற நபிமொழியை நாம் எல்லோரும் குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். ஒரு நாளைக்கு ஐந்து நிமிட வேலையால் தீரக்கூடிய ஒரு விஷயத்துக்காக அந்த வரிசையில் போய் நிற்பது நட்டமான வியாபாரம்.

ஐரோப்பாவின் பருவமும் நமது பகலும்

பூனை வளர்ப்புப் பற்றி வரும் வெளிநாட்டுப் புத்தகங்கள் வருடத்தில் இரு முறை முடி உதிரும் என்று சொல்கின்றன: வசந்த காலத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று. "இந்த மாதம் கழிந்தால் சரியாகிவிடும்" என்று நம்மவர்களும் காத்திருப்பது இதைக் கேட்டுத்தான். ஆனால் அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது.

பூனையின் முடி மாற்றத்தை முக்கியமாக நடத்துவது பகல் வெளிச்சத்தின் நீளம். இலண்டனில் ஜூன் மாதத்தில் பகல் பதினாறரை மணித்தியாலம். டிசம்பரில் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. பகல் சுருங்கும்போது பூனையின் உடல் குளிருக்காக அடர்ந்த உள்முடியை வளர்க்கிறது. பகல் நீளும்போது அதை உதிர்க்கிறது. கண்டிப் பகுதியிலோ வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. போதாக்குறைக்கு, வீட்டுக்குள் இரவு பத்து, பதினொரு மணி வரை மின்குமிழ் எரிகிறது. எனவே நம் வீட்டுப் பூனைக்கு "இப்போது உதிர், இப்போது வளர்" என்று சொல்லும் தெளிவான பருவம் கிடையாது. வருடம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து கொண்டே இருக்கும்.

அப்படியானால் சில மாதங்களில் அதிகமாகத் தெரிவது ஏன்? பெரும்பாலும் மழைதான் காரணம். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் இடி மழைக் காலத்திலும் பூனை வெளியே போகாது. வழக்கமாக மதிலிலும் தோட்டத்திலும் உதிர்க்கும் முடியை மெத்தையிலும் விரிப்பிலும் உதிர்க்கும். ஜன்னல்கள் மூடியிருக்கும். துணி காயாததால் விரிப்புகளைக் கழுவுவதும் தள்ளிப்போகும். ஆக, முடி கூடுதலாக உதிர்வதை விட, உதிர்ந்த முடி வீட்டை விட்டு வெளியேறாமல் தங்குவதே இங்குள்ள பிரச்சினை.

வியாபாரிகள் இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நோன்புப் பெருநாள் ஒவ்வொரு வருடமும் 10, 11 நாட்கள் முந்தி வருகிறது. சில வருடங்களில் தையல் வேலை குவியும் நோன்பு மாதம் வரட்சியான நாட்களில் வரும். சில வருடங்களில் அடை மழையில் வரும். மழையும் பெருநாள் ஓர்டர்களும் ஒன்றாக வரும் வருடத்தில் தையல் அறைக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

இத்தாலி கொண்டுபோன நம் பூனை

எந்தப் பூனையை வளர்க்கிறோம் என்பதும் கணக்கில் பெரிய பங்கு வகிக்கிறது. நம் ஊர்ப் பூனைக்குக் குட்டையான, மெல்லிய முடி. குளிர் நாட்டுப் பூனைகளுக்கு இருப்பது போன்ற கம்பளி மாதிரியான உள்முடி அதற்கு மிகக் குறைவு. இந்த வெப்பத்துக்கு ஏற்ற உடை அதுதான்.

அதன் மதிப்பை முதலில் கண்டவர் ஓர் இத்தாலியர். 1984ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த பாவ்லோ பெல்லகாட்டா என்ற மிருக வைத்தியர் இங்கிருந்து சில பூனைகளைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். அவற்றிலிருந்து வளர்க்கப்பட்ட பரம்பரை "சிலோன் பூனை" என்ற பெயரில் இத்தாலியில் ஒரு தனி இனமாக வளர்க்கப்பட்டது. கண்காட்சிகளுக்கும் போனது. குட்டையான முடி, உள்முடி இல்லாத அளவுக்குக் குறைவு என்பது அந்த இனத்தின் அடையாளங்களில் ஒன்று. கடை வாசலில் நாம் விரட்டும் பூனையின் சொந்தக்காரர்கள் அவை.

நாமோ எதிர்த்திசையில் போகிறோம். தட்டை முகமும் நீண்ட முடியும் கொண்ட பாரசீகப் பூனை கண்டிப் பக்க வீடுகளில் ஒரு கௌரவமாகிவிட்டது. அது அழகான பிராணிதான். ஆனால் அதன் உள்முடி அடர்த்தியானது. தினமும் வாராவிட்டால் சிக்கி, தோலோடு ஒட்டிக் கட்டியாகும். தட்டை முகத்தால் மூச்சு விடுவதும் அதற்குச் சிரமம். தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் ஒதுக்க முடியாத வீட்டில், அதுவும் தையலோ சமையலோ தொழிலாக நடக்கும் வீட்டில், பாரசீகப் பூனையை வாங்குவது கையில் காசில்லாமல் கடனுக்குச் சரக்கு எடுப்பது போன்றது. வாங்கும் விலையை விடப் பராமரிக்கும் செலவே பெரிது. பிள்ளைகள் பூனை கேட்டால், தெருவில் நிற்கும் ஊர்க் குட்டி ஒன்றை எடுத்து வளர்ப்பது வீட்டுக்கும் நல்லது, அந்தக் குட்டிக்கும் நல்லது.

தொழுகை உடையில் முடி

வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் ஆலிம்களிடம் கேட்கும் கேள்வி இது: உடையில் பூனை முடி இருந்தால் தொழுகை செல்லுமா?

பூனை நஜிஸான பிராணி அல்ல என்பதில் சந்தேகமில்லை. அபூ கதாதா (ரழி) அவர்கள் வுழூச் செய்ய வைத்திருந்த தண்ணீரில் பூனை குடிக்க வந்தபோது பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்ததும், பூனை அசுத்தமல்ல, அது உங்களைச் சுற்றித் திரியும் பிராணிகளில் ஒன்று என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை அவர் எடுத்துச் சொன்னதும் அபூதாவூத், திர்மிதி முதலிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளன. பூனை வாய் வைத்த தண்ணீரும், நம்மீது உரசிச் செல்லும் பூனையும் பிரச்சினை இல்லை.

உதிர்ந்த முடியின் சட்டம் வேறு. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், இறைச்சி உண்ணப்படாத பிராணியின் முடி அது உயிரோடிருக்கும்போது உடலை விட்டுப் பிரிந்தால் நஜிஸாகக் கருதப்படும். எனினும் கொஞ்சமாக இருந்தால் மன்னிக்கப்படும். அப்பிராணிகளோடு அதிகம் புழங்குவோருக்குச் சலுகையும் உண்டு. ஹனபி மத்ஹபில் பூனை முடி சுத்தமானதே. ஆகவே ஓரிரு முடியைக் கண்டு பதறி, தொழுகையைத் திரும்பத் திரும்பத் தொழுது வஸ்வாஸில் விழத் தேவையில்லை. அதேநேரம் முடி படர்ந்த சாரனோடும் விரிப்போடும் அலட்சியமாக நின்று தொழுவதும் சரியல்ல. எவ்வளவு கொஞ்சம், எவ்வளவு அதிகம் என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

நடைமுறைக்கு ஒரு வழி இருக்கிறது. தொழுகை விரிப்பை விரித்தபடி விடாமல், தொழுததும் மடித்து அலுமாரிக்குள் வையுங்கள். ஜும்ஆவுக்கு உடுத்தும் உடையையும் பூனை ஏறாத அலுமாரியில் தனியாக வையுங்கள்.

தொய்வுக்குக் காரணம் முடி மட்டுமா?

பூனை முடி வயிற்றில் போனால் தொய்வு வரும் என்பது நம் பெரியவர்கள் சொல்வது. இதில் பாதி உண்மை. ஒவ்வாமையை உண்டாக்குவது முடி அல்ல. பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிலும் உள்ள ஒரு புரதம். பூனை தன்னை நக்கும்போது அது முடியில் படிந்து காய்கிறது. பிறகு கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறு துகள்களாகக் காற்றில் மிதக்கிறது. முடியைக் கூட்டி அள்ளிய பின்னும் துகள் தங்கும். பூனையை வீட்டிலிருந்து அகற்றினாலும் அது முற்றாகக் குறையப் பல மாதங்கள் எடுக்கும். துணியில் ஒட்டிப் பூனையே இல்லாத இடங்களுக்கும் பயணம் செய்யும்.

பூனை உள்ள வீட்டில் பிள்ளைக்கு அடிக்கடி தும்மல், கண் அரிப்பு, இரவில் இழுப்பு என்றால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். முதலில் செய்ய வேண்டியது பூனையைப் படுக்கை அறைக்குள் விடாமல் இருப்பது. ஒரு நாளில் எட்டு மணித்தியாலம் பிள்ளை மூச்சு விடும் அறை அது. படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை சுடுநீரில் கழுவ வேண்டும். கடுமையான தொய்வு உள்ள பிள்ளை என்றால் வைத்தியர் சொல்வதே முடிவு. அப்போதும் பூனைக்கு ஒரு நல்ல வீட்டைத் தேடிக் கொடுக்க வேண்டும், சாக்கு தீர்வாகாது.

இன்னொரு பயத்தையும் தெளிவாக்க வேண்டும். கர்ப்பிணித் தாய்மாருக்குப் பூனையால் வரக்கூடிய டொக்சோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தின் வழியாகவே வருகிறது, முடியால் அல்ல. எனவே அக்காலத்தில் பூனையின் மணல் தட்டை வீட்டில் வேறொருவர் தினமும் சுத்தம் செய்வதே பாதுகாப்பு. அதே கிருமி தோட்ட மண்ணிலும் சரியாக வேகாத இறைச்சியிலும் இருக்கலாம் என்பதால் கை கழுவுவதிலும் நன்றாகச் சமைப்பதிலும் கவனம் வேண்டும்.

கடைக்குக் கடை கணக்கு வேறு

புடவைக் கடைக்காரருக்கும் தையல்காரருக்கும் முதல் விதி: துணி இருக்கும் அறைக்குள் பூனைக்கு இடமில்லை. பகலில் விரட்டிவிட்டு இரவில் கதவைத் திறந்து வைப்பதில் பயனில்லை. மடித்து வைத்த துணிக் கட்டுதான் பூனைக்கு மிகப் பிடித்த படுக்கை. வெல்வெட், கம்பளி, சுரசுரப்பான துணிகள் முடியைக் கெட்டியாகப் பிடிக்கும். இறுக்கமாக நெய்த வழவழப்பான துணியில் தட்டினால் விழுந்துவிடும். கறுப்பு அபாயாவில் வெள்ளைப் பூனையின் முடியும், வெள்ளை ஜுப்பாவில் கறுப்புப் பூனையின் முடியும் தூரத்திலிருந்தே தெரியும். தைத்து முடித்த ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அகலமான ஒட்டு டேப்பைக் கையில் பசைப் பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றி ஒற்றியெடுத்து, உடனே பொலித்தீன் உறையில் இடுங்கள். இதற்குப் பிடிப்பது ஓரிரு நிமிடம். திருப்பிக் கொண்டு வரும் வாடிக்கையாளரைச் சமாதானம் செய்ய அரை மணித்தியாலமும் போதாது.

உணவுத் தொழில் செய்பவர்களுக்குத் தளர்வே இல்லை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ், சுகாதாரமற்ற நிலையில் உணவு தயாரித்து விற்பது குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும் இடத்தில் மாவுச் சாக்கின் மேல் பூனை படுத்திருந்தால் சொல்வதற்கு நியாயம் எதுவும் இருக்காது. வீட்டுச் சமையலறையில் செய்து கடைகளுக்குக் கொடுப்பவர்களும் இதே பொறுப்பில்தான் இருக்கிறார்கள். சமைக்கும் நேரத்தில் கதவு மூடியிருக்க வேண்டும். சமைப்பவர் பூனையைத் தூக்கிய உடையோடு மாவு பிசையக் கூடாது. ஒரு தனி ஏப்ரனும் தலைத்துணியும் சமையலறைக்குள்ளேயே தொங்கட்டும்.

தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு ஈரத்தைக் கண்டதும், மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுவோரைக் கண்டித்ததும் வியாபாரிகள் அறிந்த செய்தி. முடி விழுந்த பண்டத்தை, முடியை மட்டும் எடுத்துவிட்டுக் கண்ணாடி அலுமாரியில் அடுக்குவதும் அந்த ஈரத்தை மறைப்பது போன்றதுதான்.

பலசரக்குக் கடைக்காரர்கள் சொல்வது: "எலிக்காகத்தான் பூனை வைத்திருக்கிறோம்." இந்த நியாயத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். 2018இல் வெளியான ஓர் ஆய்வு, நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு கழிவு மீள்சுழற்சி நிலையத்தில் எலிகளையும் பூனைகளையும் கெமரா மூலம் 79 நாட்கள் கண்காணித்தது. அங்கே எலிகள் ஏராளம். பூனைகள் கொன்றது இரண்டே இரண்டு. பூனையின் வாசத்துக்குப் பெரிய எலிகள் மறைந்து நடமாடின, அவ்வளவுதான். சுண்டெலியைப் பூனை பிடிக்கும். வளர்ந்த பெரிய எலியோடு அது அதிகம் மோதாது. களஞ்சியத்தைக் காப்பது பூனையை விட மூடியுள்ள பீப்பாய், சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் விலக்கி மரத்தட்டில் அடுக்கிய மூட்டை, பென்சில் நுழையும் துவாரத்தையும் அடைத்த சீமெந்து, இரவில் கூட்டிய தரை ஆகியவைதான். அவற்றைச் செய்தால் அரிசி மூட்டையில் பூனை முடிக்கும் இடமிருக்காது.

ஐந்து நிமிட வேலை

உதிர்வதை நிறுத்த மருந்து இல்லை. உதிர வேண்டிய முடியை நாமே முந்தி எடுத்துவிடலாம். ஊர்ப் பூனைக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், பாரசீகப் பூனைக்குத் தினமும், வீட்டுக்கு வெளியே வைத்து வார வேண்டும். முதலில் அகலப் பல் சீப்பு, பிறகு நெருக்கப் பல் சீப்பு. தலையிலிருந்து வாலை நோக்கி முடி வளரும் திசையில் வார வேண்டும். முடிவில் ஈரக் கையால் ஒரு முறை தடவினால் மிஞ்சிய முடி கையோடு வரும். நாளுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் வருடத்துக்கு முப்பது மணித்தியாலம். பெருநாள் வாரத்தில் வீடு முழுவதையும் தலைகீழாக்குவதை விட இது இலாபம்.

சிக்குக் கட்டியைக் கத்தரிக்கோலால் வெட்ட முயல வேண்டாம். பூனையின் தோல் மிக மெல்லியது; கட்டியோடு தோலும் சேர்ந்து வெட்டுப்படும். அடிக்கடி குளிப்பாட்டவும் தேவையில்லை. பூனை தன்னைத் தானே சுத்தம் செய்து கொள்ளும்.

பூனை வழக்கமாகப் படுக்கும் இடத்தில் ஒரு பருத்தித் துணியை விரித்து விடுங்கள். முடியின் பெரும்பகுதி அதில் சேரும். வாரம் ஒரு முறை அதை வெளியே உதறி, தனியாகக் கழுவினால் போதும். துணியை நனைக்கும் முன்பே உதற வேண்டும். நனைந்த முடி துணியோடு ஒட்டிக்கொள்ளும். சலவை இயந்திரம் பாவிப்பவர்கள் அதன் வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துப்புரவு செய்யுங்கள்.

காய்ந்த தரையைத் தும்புத்தடியால் வேகமாகக் கூட்டினால் முடி பறந்து வேறிடத்தில் போய் இருக்கும். லேசாக ஈரமாக்கிய துணியால் துடைத்தால் திரண்டு வரும். மெத்தைக் கதிரைக்கு, பாத்திரம் கழுவும் இறப்பர் கையுறையைச் சற்று நனைத்து ஒரே திசையில் இழுத்தால் முடி உருண்டு திரளும். இதற்கென்று விலை கூடிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

சாப்பாடும் முக்கியம். வெறும் சோற்றில் கொஞ்சம் கருவாட்டுத் தூள் பிசைந்து போடுவது நம் வழக்கம். பூனை இறைச்சியுண்ணும் பிராணி. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டோரின் என்ற சத்து இல்லாவிட்டால் அதன் கண்ணும் இதயமும் கெடும். புரதமும் கொழுப்பும் குறைந்தால் முடி மங்கி உதிரும். கருவாட்டின் உப்பும் அதற்கு நல்லதல்ல. உப்பிடாமல் அவித்த மீன், கோழிக் கழிவில் ஈரல், இதயம் ஆகியவற்றைக் கொஞ்சம் சேர்த்தால் சில வாரங்களில் முடியின் பளபளப்பில் வித்தியாசம் தெரியும். வெங்காயம் சேர்ந்த கறியைக் கொடுக்கவே கூடாது. அது பூனைக்கு நஞ்சு.

வைத்தியரிடம் போக வேண்டிய உதிர்வு

உடல் முழுவதும் சீராக உதிர்வது இயல்பு. வட்டமாக முடி கொட்டிச் செதில் தெரிந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அது பிள்ளைகளுக்கும் தொற்றும். வயிற்றையும் தொடையையும் ஓயாமல் நக்கி மொட்டையாக்கினால் தெள்ளுப்பூச்சியோ வேறு நோயோ காரணமாகலாம். சாப்பிடாமல், திரும்பத் திரும்ப ஓங்காளித்தால் விழுங்கிய முடி குடலில் உருண்டை கட்டியிருக்கலாம், தாமதிக்கக் கூடாது.

நமக்கு வசதி அருகிலேயே இருக்கிறது. கடுகண்ணாவையிலிருந்து சுமார் 10 கிலோமீற்றர் தூரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை உண்டு. பிரதேசங்களில் அரச மிருக வைத்திய அலுவலகங்களும் இயங்குகின்றன. விசர்நோய்த் தடுப்பூசி நாய்க்கு மட்டுமல்ல, பூனைக்கும் தேவை என்பதையும் அங்கே கேட்டறிந்து கொள்ளலாம்.

கைவைத்தியத்தில் இரண்டு உயிராபத்தானவை. ஒன்று, நாய்க்கு விற்கும் தெள்ளு மருந்தைப் பூனைக்குப் போடுவது. அவற்றில் பலவற்றிலுள்ள பேர்மெத்ரின் பூனையைக் கொல்லும். மற்றது, காய்ச்சலுக்கு என்று பரசிட்டமோல் வில்லை கொடுப்பது. ஒரே வில்லை ஒரு பூனையின் உயிரைப் பறிக்கப் போதுமானது. மருந்து விற்கும் கடைக்காரர்கள் இதை வாடிக்கையாளருக்குச் சொல்வது ஒரு ஸதகா.

இதில் தொழிலும் இருக்கிறது

பூனை வளர்ப்பவர்கள் கூடும்போது அதைச் சுற்றித் தொழிலும் வளரும். பூனையையே விற்கும் வியாபாரத்தைப் பற்றி மார்க்கத்தில் கருத்து வேறுபாடு உண்டு. பூனையின் விலையைக் கண்டித்து ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் பயனுள்ள வீட்டுப் பூனையின் விற்பனையை அனுமதித்து, அந்தத் தடையை வெறுப்புக்குரியது என்றோ பயனற்ற பூனைக்கு உரியது என்றோ விளக்கியுள்ளனர். வேறு சில அறிஞர்கள் கூடாது என்கின்றனர். இதில் இறங்க விரும்புவோர் முதலில் ஆலிம்களிடம் தெளிவு பெறட்டும்.

சர்ச்சை இல்லாத வழிகள் பல இருக்கின்றன. 2022இல் ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து 350 ரூபாவுக்கு மேல் போனபோது, இறக்குமதிப் பண்டங்களை மட்டும் நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டை நாம் கண்டோம். செல்லப்பிராணிப் பொருட்களில் உள்ளூரில் செய்யக்கூடியவை நிறைய உண்டு. தையல் வீடுகளில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகளால் பூனைப் படுக்கையும் கழுவிப் பாவிக்கும் உறையும் தைக்கலாம். இறுக்கமான பருத்தியில் கதிரை உறை தைத்துக் கொடுக்கலாம். மர ஆலைத் தூளைச் சலித்து, உலர்த்தி மணல் தட்டுக்கு விற்கலாம். நீண்ட முடிப் பூனை வைத்திருக்கும் வீடுகளுக்கு நேரில் போய் வாரிச் சிக்கெடுத்துக் கொடுக்கும் சேவைக்கு ஒரு சீப்புப் பெட்டியும் பொறுமையும் முறையான பயிற்சியும் போதும். பெண்களே பெண்களின் வீடுகளுக்குப் போய்ச் செய்யக்கூடிய தொழில் இது. சில்லறைக் கடைக்காரர் ஒரு தட்டில் சீப்பு, ஒட்டு டேப், இறப்பர் கையுறை மூன்றையும் சேர்த்து வைத்தால் ஒன்றை வாங்க வந்தவர் மூன்றையும் வாங்கிப் போவார்.

நல்ல வியாபாரி கல்லாக் கணக்கை வருட இறுதி வரை தள்ளிப் போடுவதில்லை. அன்றன்று மாலையில் எழுதி முடிக்கிறார். பருவமில்லாமல் தினமும் உதிரும் பூனை முடிக்கும் அதுவே பொருத்தமான வழி. காலையில் வாருங்கள், மாலையில் துடையுங்கள், துணி அறையையும் சமையலறையையும் மூடி வையுங்கள். பிள்ளைகளுக்கும் இந்த வேலையில் ஒரு பங்கைக் கொடுங்கள். ஒரு வாயில்லாப் பிராணியைப் பொறுப்போடு பார்த்துக் கொள்ளப் பழகும் பிள்ளை நாளை கடையையும் வாடிக்கையாளரையும் அதே பொறுப்போடு பார்த்துக்கொள்ளும். அல்லாஹ் நம் வீடுகளிலும் தொழில்களிலும் பரக்கத் செய்வானாக.